கூனிமேட்டுக் கடலில் இல்லாத உயிர்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று உங்கள் கையில் ஒரு மைக்ராஸ்கோப்பையும் ஓர் அலமாரிச் சாவியையும் கொடுத்திருப்பார்கள். மைக்ராஸ்கோப்பைப் பற்றிச் சொல்லித்தர நம் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்; அவர்களில் நாலு பேருக்கு அது உண்மையிலேயே தெரியும். நான் சாவியைப் பற்றி எழுதுகிறேன். அந்தத் துறையில் எனக்குள்ள அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது.

மிதவை உயிரிகளைப் பார்த்தே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. நீரோட்டம் இழுத்த பக்கம் போகும், எதிர்த்து நீந்தத் தெம்பில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள். அரசு ஊழியனுக்கு அவற்றின் மேல் இயல்பாகவே ஒரு பாசம் வந்துவிடும். அந்தப் பாசத்தில் நான் முதன்முதலாகக் கண்டுபிடித்த புது இனம் என் சொந்த இமைமயிர். ஸ்லைடில் விழுந்திருந்த அதை நீளமான உணர்கொம்பு என்று நினைத்து இரண்டு நாள் படம் வரைந்தேன். மூன்றாம் நாள் இன்னொரு ஸ்லைடில் அதற்குத் தம்பி ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து நான் எதையும் சந்தேகப்படுபவனாக ஆனேன். என்னைத் தவிர எல்லாவற்றையும்.

சந்தேகத்துக்கு உரம் போட்டவர் எங்கள் துறைத்தலைவர். அவர் இளைஞராக இருந்தபோது விருந்தாளியாக வந்த ஒரு விஞ்ஞானி அவருடைய மேசையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த மோரைக் குடித்து, அவருடைய ஸ்லைடை எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய், அதே உயிரைத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு தலைவர் யாருக்கும் மோர் கொடுப்பதில்லை. என்னை முதல் நாளே கூப்பிட்டு உட்காரவைத்து, “புதுசா ஏதாவது கெடைச்சா, அச்சுல வர்ற வரைக்கும் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதே” என்றார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆகவே அறிவுரையைக் கடைப்பிடிப்பது சுலபமாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பளத்தில் எனக்கு ஒன்று கிடைத்தது.

உப்பங்கழியிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் வரும் தலைவாய்க்காலில் ஒரு மதகு. அதன் பலகையைத் தூக்கி இறக்குவது அஞ்சலை என்ற பெண்ணின் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். வெயிலையும் மேஸ்திரியையும் ஒரே மாதிரி முறைத்துப் பார்ப்பவர். நான் சல்லடைப் பட்டில் தைத்த கூம்பு வலையை அவிழ்த்ததும், இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னா சாரு, கொசுவலையக் கிழிச்சித் தெச்சி எடுத்தாந்துட்டீங்க? வூட்ல கொசு கடிக்காதா?”

“இது ஆராய்ச்சி வலைம்மா.”

“மீனு மாட்டுமா?”

“கண்ணுக்குத் தெரியாதது மாட்டும்.”

“கண்ணுக்குத் தெரியாததுக்கு எதுக்கு சாரு இம்மாம் பெரிய வலை?”

இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அன்று பிடித்த தண்ணீரில் கோப்பிபாட் என்ற ஜாதியில் ஒன்று இருந்தது. இறாலுக்கு மிகத் தூரத்துச் சொந்தம். நொய்யரிசியில் பாதிகூட இருக்காது. இந்த ஜாதியில் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆணின் ஐந்தாவது கால். பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்கான கொக்கி அது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வளைவு. என் உயிரின் கொக்கி அரிவாள்மணை மாதிரி வளைந்திருந்தது. அப்படி ஒரு கொக்கி எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்லாப் புத்தகத்தையும் புரட்டினேன். இரண்டு கண்ணிலும் இமைமயிர் முழுசாக இருக்கிறதா என்றும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். இரண்டு வருடம் முடியும்போது வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு நகர வேண்டும். ஒரு புது இனம் என் பெயரில் இருந்தால் கோப்பு தானாக நகரும் என்று தலைவர் சொல்லியிருந்தார். இது நினைவிருக்கட்டும்.

அடுத்த மாதம் மறுபடி போனபோது மதகின் ஓரச் சேற்றில் சைக்கிள் தடம் இருந்தது. பக்கத்தில் வட்டமாக ஒரு வாளி உட்கார்ந்த அடையாளம். கரையில், பிடித்த உயிரைப் பதப்படுத்தும் ஃபார்மலினின் வாடை ஒரு துளி; அந்த வாடையை எங்கள் தொழில்காரன் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பான்.

“யாராவது வந்தாங்களா?” என்றேன்.

“உங்களாட்டமே ஒருத்தரு. சைக்கிள்ல வந்தாரு. அவரு வலை உங்கள்துல பாதிதான் இருந்துச்சி.”

“என்ன கேட்டாரு?”

“குடிக்கத் தண்ணி கேட்டாரு.”

ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் ஆரோக்கியம். வேறொரு ஊர்க் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தலைப்பு, இந்தக் கரையோரத்து உப்பங்கழிகளின் மிதவை உயிரிகள். அதாவது அவர் மரக்காணத்துக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஒரு கருத்தரங்கில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “நீங்க எங்க சார் வலை போடறீங்க?” என்று கேட்டிருக்கிறார். அது மழை பெய்யுமா என்று கேட்பதைப் போன்ற சாதாரணக் கேள்வி. நான் அன்றைக்கே அதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

இப்போது என் தற்காப்பு நடவடிக்கைகள் ஆரம்பமாயின.

முதலில் அஞ்சலை. “இது சர்க்கார் ரகசியம். அந்தச் சைக்கிள்காரர் கேட்டா, நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லைன்னு சொல்லணும்” என்றேன். அவர் என் வலையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். “சர்க்காருக்கு ரொம்ப வேல போல” என்றார்; ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

அடுத்தது பஸ். வலையைக் கோரைப்பாயில் சுருட்டிக் கட்டி, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி போனேன். போதாது என்று தோன்றியதால், மரக்காணத்துக்கு முன்னாலேயே கூனிமேட்டில் இறங்கி, பாயைப் பிரித்து, வலையை நாலு பேர் பார்க்கத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்து, டீ குடித்துவிட்டு, மறுபடி சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மரக்காணம் போவேன். என் கடல் கூனிமேட்டில்தான் இருக்கிறது என்று உலகம் நம்ப வேண்டும். உலகம் அன்று வேறு வேலையாக இருந்தது.

மூன்றாவதுதான் விஷயம். பாட்டிலுக்குள் போடும் சீட்டில், உயிரைப் பிடித்த இடம் என்ற இடத்தில், ‘மரக்காணம் தலைவாய்க்கால்’ என்பதற்குப் பதிலாகக் ‘கூனிமேடு, கரையை ஒட்டிய கடல்’ என்று எழுதினேன்.

இதன் கனம் புதிதாக வந்தவர்களுக்குப் புரியாமல் போகலாம். ஒரு புது இனத்தை விவரிக்கும்போது, எந்த ஸ்லைடிலிருந்து விவரித்தோமோ அது மூல மாதிரி. அது கிடைத்த இடம் அந்த இனத்தின் பிறந்த ஊர். நூறு வருடம் கழித்து ஒருவனுக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த இடத்தில் போய் வலை போட்டுத்தான் தீர்த்துக்கொள்வான். நான் ஒரு ஜீவனின் பிறப்புச் சான்றிதழில் ஊரை மாற்றி எழுதினேன்.

முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு நேர்மை இருந்தது. ஆகவே காசிம் பாய் என்பவரின் படகை அமர்த்தி, கூனிமேட்டுக் கடலில் ஒரு தடவை வலையை நனைத்தேன். பொய்யில் கொஞ்சம் ஈரமாவது இருக்கட்டுமே. அரை மணியில் கரைக்கு வந்துவிட்டேன். வலையில் நாலு ஜெல்லிமீனும் ஒரு வேப்பிலையும் இருந்தன.

கட்டுரையை அனுப்பிவிட்டு, அச்சுப்படி திருத்தத்துக்கு வரும்போது இடத்தைச் சரியாக மாற்றிவிடுவதாகத் திட்டம். அதற்குள் ஆரோக்கியம் திருட நேரமிருக்காது. இதைவிடச் சாமர்த்தியமான திட்டத்தை நான் வாழ்க்கையில் போட்டதில்லை. அச்சுப்படி வந்தபோது நான் மூன்று வாரம் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தேன். தலைவர் அன்போடு எனக்காகத் திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு காற்புள்ளியைச் சேர்த்திருந்தார்.

திரும்பி வந்தபோது பத்திரிகைக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். தபால் ஆபீஸ் வாசல்வரை போனேன். தந்தியில் என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் ஓர் உள்நாட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். என்னைக் கப்பல் ஏமாற்றிவிட்டது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பலுக்கும் தபால் ஆபீஸுக்கும் சம்பந்தமில்லை.

கட்டுரை வெளிவந்தது. அதில் என்னையறியாமல் பொய்யை அழகுபடுத்தியும் வைத்திருந்தேன். ‘இவ்வினம் திறந்த கடலுக்குரியது, உப்பங்கழிகளில் காணப்படுவதில்லை’ என்று ஒரு வரி. சந்தேகப்படுபவன் எப்போதும் ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு போடுவான்.

கொஞ்ச நாளில் ஆரோக்கியத்திடமிருந்து கடிதம். பாராட்டிவிட்டு, மூல மாதிரி ஸ்லைடைப் பத்து நாள் இரவல் தர முடியுமா, ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். எங்கள் தொழிலில் கேட்பதும் கொடுப்பதும் வழக்கம். ‘ஸ்லைடுகள் புதுக் கண்ணாடியில் மறுபடி பதிக்கப்பட்டு வருகின்றன’ என்று பதில் போட்டேன். நாலு மாதம் கழித்து மறுபடி கேட்டார். இன்னும் பதிக்கப்பட்டு வந்தன. அலமாரியைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அந்தப் பதிலையும் எழுதினேன்.

ஒன்றேகால் வருடம் போயிற்று. என் கோப்பு மேலிடத்துக்குப் போக ஒரு மாதம் இருந்தது. அப்போது தலைவர் என்னைக் கூப்பிட்டு ஒரு தடித்த உறையை நீட்டினார். ஒரு பத்திரிகை ஆசிரியர் கருத்துக் கேட்டு அனுப்பிய கட்டுரை.

“படிச்சுப் பாரு. உன் சரக்கு மாதிரியே இருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல, தூக்கிடுவானுங்கன்னு.”

“என்ன எழுதறது சார்?”

“சான்று போதாதுன்னு ஒரு வரி. போதும். பத்து நாள்ல அனுப்பிடு.”

எழுதியவர் ஆரோக்கியம். மரக்காணம் உப்பளத் தலைவாய்க்காலிலிருந்து ஒரு புது இனம். படத்தைப் புரட்டினேன். அதே அரிவாள்மணை.

அவர் எதையும் திருடவில்லை. என் உயிரைப் பற்றி முதல் பக்கத்திலேயே மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார். தன்னுடையது அதற்கு மிக நெருங்கியது, ஆனால் இரண்டு காரணங்களால் வேறு என்றார். ஒன்று, தன் உயிரின் ஐந்தாம் காலில் ஒரு சிறு முள் இருக்கிறது. என் படத்தில் அது இல்லை. இரண்டு, என்னுடையது திறந்த கடலுக்குரியது, உப்பங்கழியில் காணப்படாதது என்று நானே எழுதியிருக்கிறேன். நேரில் ஒப்பிட மூல மாதிரி கிடைக்கவில்லை. ஆகவே ஒரு வருடம் கூனிமேட்டுக் கடலில் வலை போட்டும் பார்த்தார், அகப்படவில்லை. மாத வாரியாக அட்டவணை கொடுத்திருந்தார். கடைசியில் எனக்கு நன்றி வேறு.

இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அது தோன்றவில்லை. ‘ஒரு வருடம் ஒருத்தன் இல்லாத உயிரைத் தேடுவானா? அட்டவணை கற்பனை’ என்றுதான் தோன்றியது. பொய் எழுதிப் பழகியவனுக்கு எல்லா அட்டவணையும் தன் கையெழுத்தாகத்தான் தெரியும். கற்பனை என்று நிரூபித்துவிட்டால் கட்டுரையை மனச்சாட்சியோடு நிராகரிக்கலாம். மறுநாளே கூனிமேட்டில் இறங்கினேன். இந்தத் தடவை கோரைப்பாய் இல்லாமல்.

காசிம் பாய் படகின் விளிம்பில் தார் பூசிக்கொண்டிருந்தார்.

“அந்தத் தம்பியா? நல்லாத் தெரியுமே. மாசத்துக்கு ரெண்டு தடவ வந்துருவாரு. போட்டு கரையத் தாண்டறதுக்குள்ளாறவே வாந்தி எடுக்க ஆரம்பிச்சிருவாரு. ஏம்பா, உனுக்குக் கடல் ஒத்துக்கல, வூட்டுக்குப் போன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கலயே. ஒரு கையில வலைக்கயிறு, இன்னொரு கையால வாயப் பொத்திக்குவாரு. யா அல்லா, பாக்கவே முடியாது.”

“எதுக்கு வர்றார்னு சொன்னாரா?”

“சொன்னாரே. யாரோ ஒரு சாரு இங்க ஒரு பூச்சி புடிச்சாராம். அதப் புடிக்கணுமாம்.” பாய் தார் மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “அந்த சாரு நீங்கதான?”

“ஆமா.”

“அதான் நானும் சொன்னேன் அவராண்ட. தம்பி, அந்த சாரு என் போட்டுலதான் வந்தாரு, ஒரே ஒரு தடவ, வலைய நனைச்சாரு, அரை மணியில திருப்புன்னுட்டாரு, அவ்ளோதான்னு.”

“அதுக்கு அவர் என்ன சொன்னாரு?”

“அரை மணியிலேயே கெடச்சிருக்குன்னா அவரு கெட்டிக்காரரு பாய், எனக்குத்தான் வலை போடத் தெரியலன்னாரு.”

மரக்காணத்து மதகிலேயே வேண்டியது எல்லாம் கிடைக்கிற ஒரு மனிதன், கடல் ஒத்துக்கொள்ளாத வயிற்றோடு, என் வரி ஒன்றை நம்பி ஒரு வருடம் இங்கே வாந்தி எடுத்திருக்கிறான். சந்தேகப்பட அவனுக்கு ஆதாரமே கையில் கொடுக்கப்பட்டிருந்தது. பழியை அவன் தன் வலையின் மேல் போட்டுக்கொண்டான்.

நிலையத்துக்குத் திரும்பி அலமாரியைத் திறந்தேன். மூல மாதிரியை அதிக உருப்பெருக்கத்தில் வைத்து, ஐந்தாம் காலில் அந்த முள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். முள் இல்லை. ஆனால் முள் உட்கார்ந்திருந்த குழி இருந்தது. காலை ஊசியால் பிரிக்கும்போது நானே அதை ஒடித்திருக்கிறேன். ஒடித்துவிட்டு, அது பிறப்பிலேயே இல்லை என்று படம் வரைந்திருக்கிறேன். ஸ்லைடை இரவல் கொடுத்திருந்தால் ஆரோக்கியம் ஒரே மணி நேரத்தில் இதைப் பார்த்திருப்பார்.

ஆக, இரண்டும் ஒரே உயிர். நான் வாயை மூடிக்கொண்டு, கட்டுரை நன்று என்று எழுதினால் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் அச்சேறும். எப்போதாவது யாராவது கண்டுபிடிக்கும்போது ஆரோக்கியத்தின் ஆராய்ச்சியில் பாதி விழுந்துவிடும். தலைவர் சொன்னபடி சான்று போதாது என்று எழுதினால் இப்போதே விழுந்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் என் கோப்பு அடுத்த மாதம் நகரும். இரண்டும் ஒரே இனம் என்று எழுதலாம்தான். ஆனால் திறந்த கடலின் உயிர் உப்பள வாய்க்காலுக்கு எப்படி வந்தது என்று ஆசிரியர் கேட்பார்.

எட்டு நாள் யோசித்தேன். அந்த எட்டு நாளும் நான் உயர்ந்த எண்ணங்களில் திளைத்தேன் என்று நினைக்க வேண்டாம். வாய்க்காலிலிருந்து என் உயிர் தானாக நீந்திக் கூனிமேட்டுக்குப் போயிருக்க வழி உண்டா என்று ஒரு நாள் முழுக்க நீரோட்ட வரைபடம் பார்த்தேன். ஒன்பதாம் நாள் ஸ்லைடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினேன்.

காலைப் பத்து மணி இருக்கும். ஆரோக்கியம் மதகருகில் வலையைப் பிழிந்துகொண்டிருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். அஞ்சலை பலகையைத் தூக்கிவிட்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வேறு பக்கம் திரும்பியது. பேசிவைத்தபடி என்னைத் தெரியாத மாதிரி.

“உங்க கட்டுரை எங்கிட்டதான் வந்திருக்கு” என்றேன். மதிப்பிடுபவன் எழுதியவரிடம் அதைச் சொல்லவே கூடாது, விதிமீறல். அன்றைய விதிமீறல்களில் அது சின்னது.

உப்பள ஆபீஸ் கொட்டகையில் அவருடைய சின்ன மைக்ராஸ்கோப் இருந்தது. ஸ்லைடை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“குழி இருக்கு சார்.”

“ஆமா. முள்ளு நான் ஒடிச்சது.”

“அப்போ கால் ரெண்டும் ஒண்ணுதான். எடம் மட்டும் உதைக்குது சார். உங்களது கடல்ல…”

“கடல்ல இல்ல. இங்கதான். இந்த மதகுல. வேணும்னே மாத்தி எழுதினேன்.”

“ஏன்?”

“நீங்க வந்துடுவீங்கன்னு.”

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்றிருந்த அஞ்சலைதான் பேசினார்.

“இன்னா சாரு இது? சர்க்கார் ரகசியம்னீங்களே? இவரு ரெண்டு தடவ கேட்டாரு எங்கிட்ட, அந்த சாரு இங்க வலை போட்டிருக்காரான்னு. ரெண்டு தடவையும் இவரு மூஞ்சப் பாத்து, வந்ததே இல்லன்னு சொன்னேன். தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, சரிம்மான்னு போனாரு. ஒரு பூச்சிக்கா சாரு என்னியப் பொய் சொல்ல வெச்சீங்க?”

சொல்வதற்கு இருந்ததை அவர் ஏற்கெனவே சரியாகச் சொல்லிவிட்டார்.

“ஒரு வருஷம் சார்” என்றார் ஆரோக்கியம். “ஆடியோட ஸ்காலர்ஷிப் முடிஞ்சிடுச்சி. அண்ணன் கடையில உக்காந்துகிட்டுத்தான் இத எழுதினேன்.”

எழுந்து வெளியே போய், ஏற்கெனவே கழுவிய வலையை மறுபடி கழுவினார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. சார் இருந்தது, பழைய ஆரோக்கியம் இல்லை.

“திருத்தம் யார் எழுதறது?”

“நான்தான். ஊருக்குப் போனதும் எழுதி அனுப்பிடறேன்.”

“அனுப்புவீங்கன்னு நான் எப்படி நம்பறது சார்?”

அந்தக் கேள்வியை அதுவரை உலகத்தை நோக்கி நான் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இங்கயே எழுதுங்க. கார்பன் வெச்சி எழுதுங்க” என்றார். கொட்டகைக் கணக்கரிடம் கார்பன் தாள் வாங்கி வந்தார். நான் எழுதினேன். இன்ன இனத்தின் மூல மாதிரி கூனிமேட்டுக் கடலிலிருந்து பெறப்பட்டதாகத் தவறுதலாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. சரியான இடம் மரக்காணம் தலைவாய்க்கால். படத்தில் ஒரு முள் விடுபட்டுள்ளது. அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார். பேனாவைக் கேட்டு, ‘தவறுதலாக’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அங்க என்ன போடறது?” என்றேன்.

“எனக்குத் தெரியாது சார். எழுதினது நீங்க.”

‘தெரிந்தே’ என்று போட்டேன். அந்த நாலெழுத்தை எழுத எனக்கு எடுத்த நேரத்தில் அந்த வருடத்து உப்பு முழுக்க விளைந்திருக்கும்.

தபால் பெட்டிவரை கூடவே வந்தார். அஞ்சலையும் பலகையை இறக்கிவிட்டு வந்தார். “சாட்சி வேணும்ல” என்றார். உறை உள்ளே விழுந்த சத்தத்தை மூன்று பேரும் கேட்டோம். அப்படியும் ஆரோக்கியம் பெட்டியின் வாயில் விரலை விட்டு, உறை மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

தலைவர் திருத்தத்தை அச்சில்தான் பார்த்தார். “பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதேன்னேன். நீ உலகத்துக்கே சொல்லிட்டே” என்றார். என் கோப்பு அந்த வருடமும் நகரவில்லை, அடுத்த வருடமும் நகரவில்லை. ஆரோக்கியம் தன் கட்டுரையைத் திரும்பப் பெற்று, ஒரே உயிர் என்று வைத்து முழுதாக எழுதினார், பட்டமும் வாங்கினார். கூனிமேட்டு அட்டவணையை அதிலும் விடாமல் போட்டார். எங்களுக்குள் நட்பு மலர்ந்தது என்று எழுத ஆசைதான். மலரவில்லை. பிற்காலத்தில் ஸ்லைடு இரவல் கேட்டு எழுதும்போதெல்லாம், ‘இக்கடிதத்தின் நகல் என்னிடம் உள்ளது’ என்று அடியில் ஒரு வரி சேர்ப்பார்.

சில வருடம் கழித்து நூலகத்தில் பழைய தொகுதி ஒன்றை எடுத்தேன். என்னுடைய வேறு கட்டுரைகளும் அதில் இருந்தன. நான் உயிர் பிடித்ததாக எழுதியிருந்த ஒவ்வோர் ஊரின் பக்கத்திலும் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கட்டுரைகளில் பொய் இல்லை. நூலகர் டீ குடிக்கப் போயிருந்தார். என் பையில் ரப்பர் இருந்தது.

அழிக்கவில்லை. அந்த ஊர்களின் பெயரை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக மறுபடி போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்துப் போய், அவர் கையால் வலை போடவைத்து, அவர் கையெழுத்தோடு வெளியிட்டேன். ஆறு வருடமாயிற்று. எல்லா ஊரிலும் எல்லா உயிரும் கிடைத்தன, ஓர் இடத்தைத் தவிர. ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்துக் கழிமுகம். ஐந்து தடவை போனோம். இல்லை. கழிமுகம் மணல் தள்ளி இடம் மாறியிருக்கலாம், உயிர் போயிருக்கலாம்.

சத்தியமாக அதை அங்கேதான் பிடித்தேன். ஒரு வைகாசிக் காலை, முழங்காலளவு தண்ணீரில், தனியாக. இதை எழுதும்போது நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம்பச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. வலையை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.